லேபிளில் நிற்கும் மான்

போனஸுக்குப் பதிலாய்ப் பங்கு தந்தார்கள்,
ஆயிரத்து இருநூறு.
தந்த அன்று ஒன்று பன்னிரண்டு ரூபாய் நாற்பது.
இன்று காலை மூன்று தொண்ணூறு.
இன்னர் ஹார்பர் வீதிக் களஞ்சியத்தில்
ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப்
பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
எங்கள் கம்பனியில்
எண்ண எண்ணக் குறையாதது
சரக்கு மட்டும்தான்.

பெயர் வைக்க வந்த நாள் நினைவிருக்கிறது.
கொழும்பிலிருந்து நாலு பேர், ஏசி வான்,
டச் பே கடற்கரையைப் பார்த்தபடி மீன் பொரியல்.
"இந்த ஊரில என்ன இருக்கு?" என்றார் தனுஷ்க.
கோயில் என்றேன்.
போத்தலில் கோயிலைப் போட்டால் உதை விழும் என்றார்கள்.
கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்றேன்.
குளிர வைத்துக் குடிப்பதற்கு வெந்நீரா என்றார்கள்.
துறைமுகத்துக்குள் சோபர் என்றொரு தீவு இருக்கு,
போதையில்லாதவன் என்று பொருள் வரும் என்றேன்.
ஒருவர் இருமினார்.

அப்போது ஒரு மான்
பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து வந்து
ஓட்டோவுக்கு வழிவிடாமல்
நடு வீதியில் நின்றது.
"இதுதான்!"
எல்லோரும் எழுந்து நின்று படமெடுத்தார்கள்.
கோட்டை மான். செவ்வைன்.
எழுநூற்றைம்பது மில்லிலீட்டர்.

பின்பக்கக் கதை என்னுடையது.
'கீழைக் கடற்காற்றில் முதிர்ந்தது' என்று எழுதினேன்.
முதிர்ந்ததோ ஜா-எலயில், ஸ்டீல் தாங்கியில்.
சாறு பாகாய்க் கப்பலேறி வந்தது.
காற்று அங்கேயும் அடிக்குதுதானே என்றார் தனுஷ்க.
மறுக்க முடியவில்லை.

முதல் போத்தலை உப்புவெளி ஹோட்டலுக்குக் கொண்டுபோனேன்.
ஸ்டுவர்ட் ரொசைரோ
கிளாசுக்குள் மூக்கை ஒருமுறை விட்டெடுத்தார்.
கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி...
படம்."
வெள்ளைக்காரரும் அப்படித்தான்:
மானோடு செல்ஃபி எடுத்தார்கள்,
பிறகு பியர் கேட்டார்கள்.

போயாவுக்குப் போயா ஷட்டர் இறக்கினோம்.
நவம்பரில் மழை ஹோட்டல்களின் ஷட்டரையும் இறக்கியது.
மதுவரி ஏறிய இரவே பங்கு இறங்கியது.
இரண்டும் ஒரே படிக்கட்டில்
தோள் உரசிக் கடந்திருக்கும்.
வருடாந்த அறிக்கை மட்டும்
வழுவழுப்பான தாளில் சொன்னது:
'பிராண்டின் மதிப்பு உறுதியாக உள்ளது.'

போன கிழமை மின்னஞ்சல்.
மான் பழசாம். இனித் திமிங்கிலம்.
பழைய அட்டை, லேபிள் எல்லாம் கழிக்கவும்.

கழிவு எடுக்கக் கிண்ணியாவிலிருந்து நவ்ஷாத் வந்தார்.
கிலோவுக்கு விலை பேசி,
அட்டைகளை வாசலில் அடுக்கி,
லொறியைத் திருப்பப் போன இடைவெளியில்
அவை வந்துவிட்டன,
ஆறோ ஏழோ.
ஒன்று கொம்பால் கட்டைப் புரட்டியது.
ஒன்று தன் முகம் அச்சான அட்டையைக்
காதிலிருந்து தின்னத் தொடங்கியது.
லேபிளில் மாப்பசை.
அதை நக்கி நக்கி
நானூறு மான்களை
நாலு நிமிடத்தில் முடித்தன.

நவ்ஷாத் விரட்டவில்லை.
கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.
"படம் நல்ல ருசிபோல" என்றார்.
ரொசைரோவை அவருக்குத் தெரியாது.

எடை குறைந்ததற்குக் காசு குறைத்தார்.
கணக்கில் 'சேதம்' என்று எழுதினேன்.
வேறு சொல் வரவில்லை.

மத்தியானம் ஃபோனைத் திருப்பினேன்.
நாலு பத்து.
திமிங்கிலச் செய்தி வெளியாகியிருந்தது,
வாங்க ஆட்கள் இருந்தார்கள்.
விற்கும் பொத்தானில் விரலை வைத்தபடி
வாசலுக்கு வந்தேன்.
கடைசி மான் இன்னும் போகவில்லை.
அதன் வாயோரம்
பொன்னெழுத்தில் 'கோட்டை' மட்டும் ஒட்டியிருந்தது.
நாக்கை நீட்டி ஒருமுறை தொட்டுப் பார்த்தது.
பிடிக்கவில்லை.
அப்படியே
பஸ் நிலையப் பக்கம் நடந்தது.